கல்லாகப் போன உதவியும் சம்பளமாகப் போன உதவியும்

நண்பர் ஒருவரின் கேள்வி இது: “ஆப்கானிஸ்தான் கிராமங்களுக்கு உதவுகிறோம் என்று எத்தனையோ நாடுகளின் தொண்டு நிறுவனங்கள் சொல்கின்றன. உள்ளூர்க்காரர்களோடு அவை எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? அவர்கள் போன பிறகு கிராமத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா? இப்போதைய தாலிபான் ஆட்சியில் பணம் கொடுத்தால் போய்ச் சேருமா?”

சேரும், சேராது என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எந்த உருவத்தில் போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. கல்லாகப் போன உதவிக்கு ஒரு கதை, சம்பளமாகப் போன உதவிக்கு வேறு கதை. கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

டெட்சு நகாமுரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1984-ல் பாகிஸ்தானின் பெஷாவருக்குத் தொழுநோய் சிகிச்சை செய்யப் போனார். அவருக்குத் துணையாக ஜப்பானின் ஃபுகுவோகாவில் நண்பர்கள் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். பெயர் பெஷாவர்-கை. (ஜப்பானிய மொழியில் ‘கை’ என்றால் சங்கம். நம் மொழியில் வேறு பொருள், அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.) ஆப்கன் அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கப்போய், 1991-ல் எல்லையைத் தாண்டி நங்கர்ஹார் மாகாணத்தின் தாரா-இ-நூர் பள்ளத்தாக்கில் மருத்துவமனை திறந்தார். 2000-ல் கடும் வறட்சி வந்தது. கிணறும் ஓடையும் வற்றின. கிடைத்த அழுக்குத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்து, மருத்துவமனை வரிசையிலேயே இறந்தார்கள். மாத்திரையால் தீராத நோய் இது, இதற்கு மருந்து தண்ணீர்தான் என்று அவருக்குப் புரிந்தது. சுமார் 1,600 கிணறுகள் தோண்டினார்கள். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம்தான் குனார் ஆற்றின் பக்கம் திரும்பினார். 2003-ல் மர்வாரித் வாய்க்கால் வேலை தொடங்கியது. மர்வாரித் என்றால் முத்து.

குனார் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் இல்லை. கோடையில் மலைப்பனி உருகி வெள்ளமாக வரும், குளிர்காலத்தில் மட்டம் சரசரவென்று இறங்கிவிடும். விவசாயிகள் காலங்காலமாக ஆற்றோரம் வாய்க்கால் வெட்டித்தான் பாசனம் செய்தார்கள். பனி சீக்கிரமும் வேகமாகவும் உருகத் தொடங்கியதில் பழைய வாய்க்கால் தலைப்புகளை (ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழையும் வாயை) வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆற்றின் படுகை அரித்துப் பள்ளமாகி, மிஞ்சிய தலைப்புகள் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றன. ஆறு கண்ணெதிரே ஓடுகிறது, வயல் காய்கிறது. ஆற்றில் கல்லும் தழையும் மண்ணும் போட்டுத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்புவதை நம் பக்கம் கொரம்பு என்பார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொரம்பு போய்விடும், மறுபடி போட வேண்டும். அதே தலைவலிதான் அங்கும், இன்னும் பெரிய அளவில்.

நகாமுரா பொறியாளர் அல்ல. கணக்குப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு நடுவயதில் நீரியல் படித்தார். ஊருக்குப் போனபோதெல்லாம் பழைய அணைக்கட்டுகளைத் தேடித் தேடிப் பார்த்தார். ஃபுகுவோகாவில் சிகுகோ ஆற்றின் குறுக்கே 1790-ல் விவசாயிகள் கட்டிய யமாடா அணைக்கட்டு அவருக்கு வழிகாட்டியது. இயந்திரமும் சிமெண்டும் இல்லாத காலத்தில், பெரும் பாறைகளை ஆற்றில் நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாகப் பரப்பிக் கட்டியது அது. சாய்வாக இருப்பதால் தண்ணீர் வழிந்து போகிற விளிம்பு நீளமாகிறது. அதனால் ஒவ்வோர் அடி அகலத்திலும் ஓடும் நீரின் வேகம் குறைகிறது, கல் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. குளிர்காலத்தில் மட்டத்தை உயர்த்திக் கொடுக்கும், கோடையில் வெள்ளத்துக்கு வழிவிடும். குனாரில் அதைத்தான் செய்தார்கள்.

கரை எழுப்பிய விதத்தையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கம்பி வலையைக் கூண்டாகப் பின்னி, உள்ளே கல் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நம் பொதுப்பணித் துறையினர் இதைக் கேபியன் என்பார்கள். கூண்டைப் பின்னுவதற்கு அங்கேயே பட்டறை போட்டு உள்ளூர் ஆட்களுக்குப் பழக்கினார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லாத நாடு அது. வீட்டுக்குச் சுவர் வைப்பவர்களாதலால் கல்லடுக்கும் கை எல்லோருக்கும் உண்டு. கூண்டுக்குப் பின்னால் வரிசையாக வில்லோ மரக்கன்று நட்டார்கள். தண்ணீரைத் தேடிப் போகும் அதன் வேர், கல் இடுக்கில் எல்லாம் நுழைந்து பின்னிக்கொள்ளும். இருபது, முப்பது வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தாலும் வேர் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது கணக்கு. கான்கிரீட் கரையில் விரிசல் விட்டால் அலுவலகத்துக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். கூண்டு சரிந்தால் நாலு பேர் வந்து மறுபடி அடுக்குவார்கள். தலைமதகில்கூட இரும்பு ஷட்டர் இல்லை. இரண்டு வரிசையில் மரப்பலகைகளைச் செருகி, மேல்மட்டத்தின் தெளிந்த நீரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. பலகை உடைந்தால் தச்சர் போதும்.

யார் பராமரிப்பது என்பதற்கும் புது அமைப்பு தேவைப்படவில்லை. ஆப்கன் கிராமங்களில் வாய்க்காலுக்கு ஒரு மிராப் உண்டு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர், எப்போது மடை அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விவசாயிகளே தேர்ந்தெடுப்பார்கள், கூலி பெரும்பாலும் தானியமாக. நம் ஊரில் வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியைத் தெரிந்தவருக்கு மிராப் யார் என்று விளக்க வேண்டியதில்லை. வருடத்துக்கொரு முறை ஊரே கூடிச் சம்பளமில்லாமல் தூர்வாருவதற்குப் பெயர் ஹஷர். நாம் குடிமராமத்து என்போம். இருந்ததை இருந்தபடியே பயன்படுத்திக்கொண்டது அந்தச் சங்கம். ஊரார் கேட்டபோது வாய்க்காலோரம் ஒரு பள்ளிவாசலும் மதரசாவும்கூடக் கட்டிக்கொடுத்தார்கள். ஜப்பானில் உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்தில் மதரசாவா என்று புருவம் உயர்த்தியவர்கள் இருந்திருக்கலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வாய்க்காலுக்குச் சமமான தேவை.

25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் வாய்க்கால் 2010-ல் முடிந்தது, கம்பேரி பாலைவனம் வரை போனது. அதன்பின் அதே ஆற்றில் வேறு தலைப்புகளும் சேர, சுமார் 16,500 ஹெக்டேருக்குத் தண்ணீர் என்றும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிழைப்பு என்றும் அந்தச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அகதியாகப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். துப்பாக்கி தூக்கியவர்களில் பலர் தினக்கூலிக்கு மண்வெட்டி தூக்கினார்கள். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2008-ல் அங்கே விவசாயப் பணியில் இருந்த கசுயா இட்டோ என்ற இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். மற்ற ஜப்பானியரை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு, நகாமுரா மட்டும் ஆப்கன் பணியாளர்களோடு தங்கினார். 2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாத்தில் அவரையும் உடன் இருந்த ஐந்து ஆப்கானியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஆப்கன் அரசு அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்திருந்தது. காபூல் சுவரில் வரைந்திருந்த அவர் படத்தை, 2021-ல் ஆட்சியைப் பிடித்த தாலிபான்கள் வெள்ளையடித்து அழித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஆட்சியிலேயே ஜலாலாபாத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் திறக்கப்பட்டது. அவர் பழக்கிவிட்ட உள்ளூர்ப் பொறியாளர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். கேள்வியில் கேட்ட ‘மிஞ்சுவது’ என்பது இங்கே நிச்சயமாக உண்டு.

இதை அப்படியே படியெடுத்து நாடு முழுக்க ஒட்ட முடியுமா என்றால், முடியாது. முதல் மண்வெட்டி விழும் முன் அவர் அந்த மண்ணில் கிட்டத்தட்ட 20 வருடம் இருந்துவிட்டார். பெஷாவர்-கைக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜப்பானியர். ‘இந்த நிதியாண்டுக்குள் செலவு செய்து முடி’ என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. பெரிய நிதி உதவிகளில் அந்தப் பொறுமை கிடைக்காது.

பெரிய அளவில் முயன்று பார்த்தது தேசிய ஒற்றுமைத் திட்டம். 2003-ல் ஆப்கன் கிராம மேம்பாட்டு அமைச்சகம் தொடங்கியது, உலக வங்கியும் பல நாடுகளும் பணம் போட்டன. இந்தோனேசியாவில் நடந்த ஒரு கிராம மானியத் திட்டம் இதற்கு முன்மாதிரி. கிராமத்தில் ரகசிய வாக்கெடுப்பு வைத்து ஒரு மன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மன்றத்துக்குக் குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், ஒரு கிராமத்துக்கு 60,000 டாலர் உச்சவரம்பில் மானியம். குழாயா, சிறு நீர்மின் நிலையமா, பாலமா என்பதை ஊர்தான் முடிவு செய்யும். தன் பங்காகப் பத்தில் ஒரு பகுதியை ஊரும் போட வேண்டும், உழைப்பாகக் கொடுத்தாலும் சரி. தேர்தல் நடத்திக் கணக்கு எழுதப் பழக்குவதுதான் தொண்டு நிறுவனங்களின் வேலை. வங்கதேசத்தின் பிராக், ஆகா கான் அமைப்பு, டென்மார்க்கின் டாக்கார், ஆக்ஸ்ஃபாம், கேர் என்று பலரும் மாகாணங்களைப் பிரித்துக்கொண்டார்கள். பிராக் வெளிநாட்டில் கால்வைத்த முதல் இடமே ஆப்கானிஸ்தான்தான், 2002-ல். ஏழை நாட்டுக்காரர்கள் இன்னொரு ஏழை நாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள் என்பதில் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தத் திட்டத்தை ஆய்வாளர்கள் 10 மாவட்டங்களில் 500 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்குக் கொடுத்து, பாதியை நிறுத்திவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடிநீரும் மின்சாரமும் கண்கூடாக மேம்பட்டன. ஊர் விவகாரங்களில் பெண்களின் பங்கும் கூடியது. சாலையிலும் பாசனத்திலும் பெரிய மாற்றம் இல்லை. 60,000 டாலரில் ஆற்றை அடக்க முடியாது என்பதை நகாமுராவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்! அதே கிராமங்களில் பிறகு நிவாரணப் பொருள் கொடுத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரமும் தெரிந்தது. தேர்ந்தெடுத்த மன்றத்திடமே பொறுப்பைக் கொடுத்த இடத்தில் பொருள் தேவைப்பட்டவருக்குச் சரியாகப் போனது. மன்றமும் இருக்கிறது, பழைய ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள், பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லை என்ற இடங்களில் மன்றம் வந்ததாலேயே சுருட்டல் அதிகமானது. ‘ஜனநாயகத்தைக் கொண்டுபோய் வைத்தால் போதும்’ என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். தோசை சுடுவது யார் என்று தெரியாத அடுக்களையில் மாவு மட்டும் தீர்ந்துபோகும்.

சரி, இனி சம்பளமாகப் போகும் உதவி.

பதக்‌ஷான் மாகாணத்தில் ராக் என்று ஒரு மலை மாவட்டம். தாலிபான்களின் முதல் ஆட்சி முடிந்த சமயத்தில் அங்கே கணக்கெடுத்தபோது, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குச் சுமார் 6,500 தாய்மார்கள் இறந்தது தெரிந்தது. உலகத்தில் எங்கும் பதிவான கணக்குகளில் அதுதான் மோசமானது. பனிக்காலத்தில் வழி அடைத்துக்கொள்ளும், கழுதை மேல் ஏற்றினாலும் மருத்துவமனைக்குப் பல நாள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது, பெண் மருத்துவர் கிடையாது. 2002-ல் நாடு முழுக்கவே பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 500 பேர்கூட இல்லை. இதற்குக் கண்டுபிடித்த வழி எளியது. கிராமமே ஒரு பெண்ணைத் தேர்ந்து அனுப்ப வேண்டும், வெளிநாட்டு உதவியோடு நடக்கும் பள்ளியில் ஒன்றரை, இரண்டு வருடம் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு அவள் அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். அனுப்புகிறோம் என்று ஊரும், திரும்பி வருவேன் என்று அவளும் ஒப்புக்கொள்வார்கள். சில ஆண்டுகளிலேயே மருத்துவச்சிகள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். பயிற்சியை உலக நிறுவனங்கள் கொடுத்தன. அவளை வெளியே அனுப்பச் சம்மதித்த அப்பன், கணவன், ஊர்ப் பெரியவர்தான் இதில் உண்மையான கூட்டாளிகள்.

ஆனால் ஒரு மருத்துவச்சியைக் கம்பிக்கூண்டில் அடுக்கி வைத்துவிட்டு வர முடியாது. மாதாமாதம் சம்பளம் வேண்டும், மருந்து வேண்டும், பனியில் அறையைச் சூடாக்க விறகு வேண்டும். நன்கொடையாளர்களின் படிவங்களில் ‘திட்டம் முடிந்தபின் சமூகம் எப்படித் தானே நடத்திக்கொள்ளும்?’ என்று ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். வாய்க்காலுக்கு அது நல்ல கேள்வி. கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்தால் சாப்பிடும் மலைக்கிராமத்தின் பிரசவ அறைக்கு அது இரக்கமில்லாத கேள்வி என்பேன். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தை எந்தக் கிராமமாவது தானே நடத்துகிறதா? அரசு வரிப்பணத்தில் நடத்துகிறது. அங்கே அந்த அரசின் இடத்தில் 20 வருடம் வெளிநாட்டுப் பணம் இருந்தது. 2003 முதல் அமைச்சகம் பெயரளவில் மேலே இருக்க, மாகாணம் மாகாணமாகச் சுகாதார நிலையங்களைத் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நடத்தின.

அப்படி நடத்தியவர்களில் ஸ்வீடிஷ் கமிட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து 1980-ல் ஸ்வீடனில் உருவான சங்கம், பிறகு கிராமப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் என்று 40 வருடம் நின்றது. வர்தக் மாகாணத்தில் மட்டும் 77 சுகாதார நிலையங்கள் இவர்கள் கையில் இருந்தன. 2019 ஜூலையில் அவற்றில் ஒன்றுக்குள் அரசுப் படையினர் இரவில் புகுந்து ஆட்களைக் கொன்றார்கள். அதைக் காட்டித் தாலிபான்கள் 42 நிலையங்களை மூட வைத்தார்கள். சுட்டது ஒரு தரப்பு, மூடியது மறு தரப்பு, இரண்டுக்கும் தண்டனை நோயாளிக்கு. பேசிப் பேசித் திறந்தார்கள். ஆட்சி மாறிய பின்பும் வேலை நடந்தது. 2023-ல் ஸ்டாக்ஹோமில் யாரோ குர்ஆனை எரித்ததற்காக, ஸ்வீடனின் எல்லாப் பணிகளையும் நிறுத்தத் தாலிபான்கள் உத்தரவிட்டார்கள். நாங்கள் அரசு அல்ல, எரிப்பைக் கண்டிக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை. அடுத்த ஆண்டு மூட்டை கட்ட வேண்டி வந்தது. நாற்பது வருட உறவு, அதை உடைக்க வேறு கண்டத்தில் ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது.

இன்னொரு அடி பணப் பக்கமிருந்து. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது, மார்ச் முதல் வாரத்துக்குள்ளேயே 167 சுகாதார நிலையங்கள் மூடப்பட்டன என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், பெண்கள் மருத்துவச்சி, செவிலியர் படிப்புப் படிப்பதையே தாலிபான்கள் தடுத்துவிட்டார்கள். இருப்பவர்கள் ஓய்வு பெற்றால் அடுத்தது யார்?

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. கோர் மாகாணத்தில் 31 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. தூரத்துக் கட்டடத்துக்குப் பதிலாக ஊருக்குள்ளேயே ஒரு வீட்டிலோ பள்ளிவாசலிலோ வகுப்பு வைத்தார்கள். ஆண், பெண் பிள்ளைகளின் சேர்க்கையில் இருந்த 21 சதவீதப் புள்ளி இடைவெளி மறைந்துபோனது. பெண் குழந்தையைத் தடுத்ததில் பெரும்பங்கு தூரத்துக்கு இருந்திருக்கிறது. இப்போது ஆறாம் வகுப்புக்கு மேல் சட்டமே தடுக்கிறது, தூரத்தைக் குறைத்துப் பயனில்லை.

ஏமாற்றமும் உண்டு. மலைக்கிராமங்களில் பள்ளி கட்டுகிறேன் என்று அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற கிரெக் மார்ட்டென்சனின் அமைப்பைப் பற்றி 2011-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கேள்வி எழுப்பியது. சில பள்ளிகள் ஆளில்லாமல் கிடப்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்து, அமைப்பின் பணம் அவர் புத்தக விளம்பரத்துக்கும் பயணத்துக்கும் போனதைச் சுட்டிக்காட்டினார். பத்து லட்சம் டாலருக்கு மேல் அவர் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டார். கட்டடத்தைப் படமெடுத்துக் காட்டுவது எளிது, வாத்தியார் சம்பளத்தைப் படமெடுக்க முடியாது. படத்துக்கு ஏற்ற உதவிக்குத்தான் பணம் குவிகிறது.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2021-ல் ஆப்கன் மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டது. அந்த டிசம்பரில் மனிதாபிமான உதவிக்குத் தடைகளிலிருந்து விலக்களித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் போட்டது. சட்டம் விட்டாலும் வங்கிகள் பயப்படுகின்றன. அதனால் ஐ.நா. டாலர் நோட்டுக் கட்டுகளை விமானத்தில் காபூலுக்கு அனுப்பியது. சிறு அமைப்புகள் ஹவாலாவை நம்புகின்றன. வங்கி வழியாகப் போகாமல், இங்கே ஒரு தரகர் பணத்தை வாங்கிக்கொள்ள அங்கே இன்னொரு தரகர் கொடுப்பது. நம்மூரில் உண்டியல் என்பார்களே, அதுதான். பல மாவட்டத் தலைநகரங்களில்கூட வங்கி இல்லாத நாட்டில் அது கள்ளத்தனம் அல்ல, அதுதான் தபால் மணியார்டர்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஆட்கள். 2022 டிசம்பர் 24 அன்று தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆண் பணியாளர் போய்க் கதவைத் தட்டினால் கணவனை இழந்தவள் வீட்டில் யார் திறப்பது? பட்டியலில் அவள் பெயர் எப்படி ஏறும்? சுகாதாரத்திலும் ஆரம்பக் கல்வியிலும் ஓரளவு விலக்கு வாங்கினார்கள். மற்றவற்றுக்கு மாகாணத்துக்கு மாகாணம் அதிகாரியைப் பார்த்து வாய்மொழி அனுமதி. ஒரு பெண் பணியாளர் கிராமத்துக்குப் போக வேண்டுமானால் கூடவே அண்ணனோ கணவனோ வர வேண்டும், அவருக்கும் பயணச் செலவும் சாப்பாடும் நிறுவனம் கொடுக்கும். நிதி அறிக்கையில் அது ஒரு செலவுத் தலைப்பாகவே வருகிறது. 2025 ஆகஸ்ட் 31 இரவு அதே குனார் பள்ளத்தாக்கில் நிலநடுக்கம் வந்து 2,000-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, காயம்பட்ட பெண்களைக் கவனிக்கப் பெண்கள் போதவில்லை என்ற செய்தியைத்தான் முதலில் தேடிப் படித்தேன். இருந்தது.

யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், அமைப்பின் பெயரைவிட அதன் ஆண்டறிக்கையைப் பாருங்கள் என்பேன். ஒரே மாவட்டத்தில் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், பணியாளர்களில் ஆப்கானியர் எத்தனை பேர், அதில் பெண்கள் இன்னும் இருக்கிறார்களா, அவர்கள் சம்பளத்துக்கு அடுத்த வருடம் பணம் உண்டா. புதுக்கட்டடப் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டுச் சம்பளப் பட்டியல் பக்கத்துக்குப் போங்கள். என் பணம் என்றால் பாதியை வாய்க்காலுக்கும் பாதியை மருத்துவச்சிக்கும் கொடுப்பேன். இரண்டாவது பாதி ஒவ்வொரு வருடமும் தீர்ந்துபோகும் என்று தெரிந்தே கொடுப்பேன்.

இந்தியாவிலிருந்து அனுப்புவதென்றால், தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. அனுப்பும் காரணத்தில் ஆப்கானிஸ்தான் என்ற பெயரைப் பார்த்ததும் வங்கியிலிருந்து அழைப்பு வரலாம். அமைப்பின் பதிவுச் சான்றையும் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையும் கையில் வைத்துக்கொண்டு கிளைக்கு நேரிலேயே போய்விடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.